கொறங்காடு பற்றித் தேடுகிறேன்: இணைய நூலகப் பட்டியல்களிலும் மின்னூல் தொகுப்புகளிலும் எப்படித் தேடுவது?

மேய்ச்சல்நிலம் (காங்கேயம்)

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை வரலாறு படிக்கும் மாணவி. எங்கள் பகுதியின் கொறங்காடுகளையும் அவற்றில் மேய்ந்து வளரும் காங்கேயம் மாடுகளையும் பற்றி ஆய்வேடு எழுத விரும்புகிறேன். வெளியூர் நண்பர்களுக்காக ஒரு சொல்: கிளுவை வேலி அடைத்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரவிட்ட மானாவாரி மேய்ச்சல் நிலத்தையே எங்கள் பக்கம் கொறங்காடு என்கிறோம். காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கங்களில் இன்றும் அவற்றைக் காணலாம்.

கல்லூரி நூலகத்தில் இணையத் தரவுத்தளங்களுக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தார்கள். எப்படித் தேடுவது என்பதை எவரும் சொல்லித் தரவில்லை. தேடுபெட்டியில் 'கொறங்காடு' என்று தமிழில் இட்டால் எதுவும் வருவதில்லை. 'காங்கேயம் மாடு' என்று இட்டால் கோயில் தலபுராணங்களும் கவிதைத் தொகுப்புகளும் வருகின்றன. இந்தப் பொருளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையா, எழுதியதை எட்டும் வழி எனக்குத் தெரியவில்லையா என்பதை முதலில் அறிய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஏட்டகம் (கோபிசெட்டிபாளையம்)

வணக்கம் அம்மிணி. கல்லூரி நூலகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். எழுதியிருக்கிறார்கள், தமிழில் குறைவாகவும் ஆங்கிலத்தில் கூடுதலாகவும், வேறு வேறு பெயர்களின் கீழும் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் இட்ட சொல் அந்தப் பதிவுகளில் இல்லை என்பதே நடந்திருக்கக்கூடியது.

தேடத் தொடங்கும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள வேண்டும்: உங்கள் முன்னால் இருக்கும் தேடுபெட்டி எதற்குள் தேடுகிறது? ஒரு நூலகப் பட்டியலில் நூலின் உள்ளே இருக்கும் பக்கங்கள் இருக்காது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பாளர், ஆண்டு, நூலகர் இட்ட சில பொருள் தலைப்புகள் ஆகிய சில வரிகள் மட்டுமே இருக்கும். முந்நூறு பக்க நூலில் கொறங்காட்டுக்கு ஓர் இயல் முழுவதும் இருந்தாலும், அச்சொல் தலைப்பில் இல்லையென்றால் பட்டியல் அந்த நூலைக் காட்டாது. ஆகவே பட்டியலில் தேடும்போது பரந்த சொற்களை இடுங்கள்: கால்நடை, மேய்ச்சல், கோவை மாவட்டம், உழவு வரலாறு. இதற்கு நேர்மாறாக, கூகுள் புக்ஸ், இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்தி டிரஸ்ட் போன்ற தொகுப்புகள் நூலின் உட்பக்கங்களிலும் தேட இடம் தருகின்றன. அங்கே குறுகிய, அரிதான சொற்களை இட வேண்டும். 'மாடு' என்று இட்டால் கடலில் விழுவீர்கள், 'கிளுவை வேலி' என்று இட்டால் கரை தெரியும். ஆர்க்கைவில் இயல்பாகத் தேடினால் அது பதிவுகளில்தான் தேடும்; பெட்டிக்குக் கீழே உள்ள தெரிவை மாற்றினால்தான் உட்பக்கங்களுக்குள் செல்லும். பலர் இந்தத் தெரிவைக் கவனிப்பதே இல்லை.

அடுத்தது, ஒரு பொருளுக்கு உலகில் எத்தனை பெயர்கள் உண்டோ அத்தனையையும் தேடுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைப்பது. கொறங்காடு என்பதைக் கொரங்காடு என்று இடையின ரகரத்தில் எழுதுவோரும் உண்டு. ஆங்கிலக் கட்டுரைகளில் இது 'கொரங்காடு' என்று ஒலிபெயர்ப்பாகவும் வரும், மரமும் புல்லும் சேர்ந்த மேய்ச்சல் முறை என்ற பொதுப்பெயராகவும் வரும். அந்தப் பொதுப்பெயரை இந்திய ஆய்வாளர்கள் பெரும்பாலும் 'சில்விபாஸ்சர்' என்று எழுதுவார்கள். பிற நாட்டவர் 'சில்வோபாஸ்சர்' என்று எழுதுவார்கள். ஓர் உயிரெழுத்து மாறினாலும் கணினிக்கு அவை இரு வேறு சொற்கள்.

செடிகளின் அறிவியல் பெயர்களே உங்களுக்கு உறுதியான கைப்பிடி. கொழுக்கட்டைப் புல் 'சென்க்ரஸ் சிலியாரிஸ்'. சிலர் அதனைப் 'பென்னிசேட்டம் சிலியாரே' என்றும் வகைப்படுத்துவார்கள். ஆங்கிலப் பொதுப்பெயர் 'பஃபல் கிராஸ்'. வெள்வேலம் முன்பு 'அகேசியா லூக்கோஃப்ளோயா'. அண்மைக் காலத்தில் 'வச்செல்லியா லூக்கோஃப்ளோயா'. பழைய பெயரை மட்டும் இட்டால் அண்மைக் கட்டுரைகளும், புதிய பெயரை மட்டும் இட்டால் பழைய கட்டுரைகளும் விடுபட்டுப் போகும். கிளுவை 'காமிஃபோரா பெர்ரியி'. இவற்றில் இரண்டை 'அன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லால் இணைத்துத் தேடினால், இரண்டும் சேர்ந்து வளரும் நிலத்தைப் பற்றிய கட்டுரைகள் முன்னால் வரும். கொறங்காடு என்ற சொல்லே தெரியாத ஆசிரியர் எழுதியதும் அதில் அகப்படும். மாற்றுப் பெயர்களை 'ஆர்' என்ற சொல்லால் இணைத்து அடைப்புக்குறிக்குள் இடுங்கள். இந்த இணைப்புச் சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில் இடுவது நல்லது. சில தளங்கள் சிறிய எழுத்தில் இட்டால் அவற்றைச் சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொள்ளும். தொடரை அப்படியே தேட இரட்டை மேற்கோள் குறி வேண்டும்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

நூலகர் ஐயா சொன்ன அறிவியல் பெயர் வழியை ஓர் உழவனாக நான் உறுதிப்படுத்துகிறேன். மஞ்சளில் கிழங்கழுகல் பற்றி ஆங்கிலத்தில் 'டர்மரிக்' என்று மட்டும் தேடினால் மருந்துக் கட்டுரைகளும் அழகுக் குறிப்புகளும் குவிந்துவிடும். 'குர்குமா லாங்கா' என்ற பெயரோடு, நோய்க்குக் காரணமான 'பித்தியம்' என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிர்ப் பேரினத்தின் பெயரையும் சேர்த்து இட்டால் உழவுக் கட்டுரைகள் மட்டும் நிற்கும். பழைய கட்டுரைகளில் மஞ்சளுக்கே 'குர்குமா டொமெஸ்டிகா' என்ற பெயர் இருக்கும். அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தங்கைக்கு இரண்டு இடங்களைச் சொல்கிறேன். கிருஷிகோஷ் என்ற களஞ்சியத்தில் நாட்டின் வேளாண் பல்கலைக்கழக ஆய்வேடுகள் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. நம் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடுகளையும் அதில் தேடிப் பாருங்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிடும் ஆய்விதழ்களுக்குத் தனி இணையதளம் உண்டு. கால்நடை அறிவியலுக்கான அவர்களது இதழில் உள்நாட்டு மாட்டினங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதுகிறார்கள். கட்டணம் இல்லாமல் படிக்கலாம். மரபறிவு பற்றிய இந்திய ஆய்விதழ் ஒன்றும் உண்டு. அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமத்தின் நோப்பர் களஞ்சியத்தில் அதன் இதழ்கள் முழுமையாகக் கிடைக்கும். கொறங்காட்டுக்கு நான் முதலில் திறப்பது அதுவாகத்தான் இருக்கும்.

பழஞ்சுவடி (சேலம்)

மாணவி வரலாறு படிப்பவர் என்பதால் பழைய நூல்களைப் பற்றி எழுதுகிறேன். இங்கே காலத்தை அறிந்து தேடுவதே முக்கியம். காங்கேயம் இன்று திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் திருப்பூர் மாவட்டம் 2009இல்தான் உருவானது. அதற்கு முன் காங்கேயம் ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. ஈரோடு மாவட்டம் 1979இல் கோவையிலிருந்து பிரிந்தபோது அதன் பெயர் பெரியார் மாவட்டம். அதற்கும் முன்னால் எல்லாம் கோயம்புத்தூர் மாவட்டம். எண்பதுகளில் எழுதப்பட்ட ஓர் ஆய்வேட்டைத் தேட வேண்டுமானால் 'பெரியார் மாவட்டம்' என்றுதான் இட வேண்டும். ஆங்கிலேயர் கால ஆவணங்களில் காங்கேயம் தாராபுரம் தாலுகாவுக்குள் வரும் என்பதால், ஊர்ப் பெயரைவிடத் தாலுகாவின் பெயர் அதிகம் பயன்படும். நாமக்கல்லைத் தேடுவோருக்கும் இதே நிலைதான்: சேலம் மாவட்டம் என்று தேடாமல் பழையவற்றில் பெரும்பாலானவை கிடைக்காது.

நிக்கல்சன் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு 1887இல் வெளிவந்தது. ஆர்க்கைவில் அதன் ஸ்கேன் படிகள் உள்ளன. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான பிரான்சிஸ் புக்கானன் 1800ஆம் ஆண்டு வாக்கில் நம் பகுதியின் வழியே பயணம் செய்து எழுதிய குறிப்புகள் 1807இல் மூன்று தொகுதிகளாக வந்தன. அவரது எழுத்தில் கோவையின் ஆங்கில வடிவம் இன்றைய வடிவத்தோடு ஒத்துப்போகாது. 'கோயம்பேட்டூர்' என்று படிக்கத்தக்கவாறு எழுதியிருப்பார். சிற்றூர்ப் பெயர்கள் இன்னும் விலகி நிற்கும். இத்தகைய நூலில் உட்பக்கத் தேடலை நம்பி உட்காராமல், உள்ளடக்கப் பக்கத்தையும் பின்னுள்ள சொல்லடைவையும் திறந்து அவர் எப்படி எழுதுகிறார் என்று பார்த்துக்கொண்டு, அந்த எழுத்துக்கூட்டலையே தேடுபெட்டியில் இட வேண்டும். லிட்டில்வுட் எழுதிய தென்னிந்தியக் கால்நடை நூல் 1936இல் வந்தது. காங்கேயம் இனத்தைப் பற்றிப் படிப்பவர் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஹாத்தி டிரஸ்டில் ஒரு நூல் முழுமையாகத் திறக்காமல், தேடல் மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்தால் ஏமாற்றத்துடன் மூடிவிடாதீர்கள். உங்கள் சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்பதை அது சொல்லும். அந்தப் பக்க எண்களைக் குறித்துக்கொண்டு, அச்சுப்படி உள்ள நூலகத்திற்குச் சென்றால் நேராக அந்தப் பக்கத்தையே திறக்கலாம். 1954ஆம் ஆண்டின் நூல் அளிப்புச் சட்டப்படி, நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெறும் நான்கு நூலகங்களில் சென்னைக் கன்னிமாரா நூலகமும் ஒன்று.

இன்னொரு செய்தி. 'கொங்கு நாட்டு வரலாறு' என்ற தலைப்பில் கோவைகிழாரும் எழுதியிருக்கிறார், மயிலை சீனி. வேங்கடசாமியும் எழுதியிருக்கிறார். தலைப்பை மட்டும் பார்த்துப் பதிவிறக்கம் செய்தால் ஒருவரது நூலை மற்றவரது நூலாக மேற்கோள் காட்ட நேரும். வேங்கடசாமியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. இணையத்தில் தடையின்றிக் கிடைக்கும். தலைப்பும் ஆசிரியரும் ஆண்டும் மூன்றும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

மேய்ச்சல்நிலம்

மூவருக்கும் என் நன்றி. புல்லின் பெயரையும் மரத்தின் பெயரையும் இணைத்துத் தேடியதும், இதுவரை கண்ணில் படாத கட்டுரைகள் கிடைக்கத் தொடங்கிவிட்டன. அவற்றில் சிலவற்றில் கொறங்காடு என்ற சொல் சுருக்கவுரையிலேயே இருக்கிறது! பழைய மாவட்டப் பெயர்களைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை.

ஓர் ஐயம். உலகெங்கும் உள்ள நூலகங்களின் இருப்பை வேர்ல்டுகேட்டில் பார்க்கலாம் என்று எங்கள் பேராசிரியர் கூறினார். அதில் தமிழ் எழுத்தில் இட்டாலும், நாம் வழக்கமாக எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இட்டாலும் கொங்கு பற்றிய நூல்கள் மிகச் சிலவே வருகின்றன. அவ்வளவுதான் உண்டா?

ஏட்டகம்

அதைவிட மிகப் பல உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1962 முதல் தன் புதுதில்லி அலுவலகத்தின் வழியாக இந்திய மொழி நூல்களை வாங்கித் தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி வந்தது. கோவையிலும் ஈரோட்டிலும் சிறு அச்சகங்களில் அச்சான நூல்கள் சிகாகோவின் பட்டியலில் இருப்பது இதனால்தான். ஆனால் அந்தப் பட்டியல்களில் தமிழ் நூல்களை ஒரு குறிப்பிட்ட ஒலிபெயர்ப்பு முறைப்படி ரோமன் எழுத்தில் பதிந்திருக்கிறார்கள். அம்முறை நாம் ஒலிப்பதைப் பின்பற்றாமல் தமிழ் எழுத்தைப் பின்பற்றுகிறது. ககரம் எங்கே வந்தாலும், எப்படி ஒலித்தாலும், 'கே' என்ற ஆங்கில எழுத்துதான். ஆகவே கொங்கு என்பதில் நாம் இடும் 'ஜி' அங்கே கிடையாது; கே, ஓ, என், கே, யூ என்று இட வேண்டும். சகரத்துக்கு எப்போதும் 'சி'. ஆகவே சேலம் என்பது சி, இ, எல், ஏ, எம். டகரமும் தகரமும் 'டி' என்று நாம் சொல்லும் இரண்டு எழுத்துகளில் இருபதாம் எழுத்திலேயே வரும், டகரத்தின் கீழே மட்டும் ஒரு புள்ளி இருக்கும். எனவே ஈரோடு என்பது ஐ, ஆர், ஓ, டி, யூ. பகரத்துக்கு 'பி' என்று நாம் சொல்லும் இரண்டு எழுத்துகளில் பதினாறாம் எழுத்து மட்டுமே. ழகரத்துக்கு நாம் இசட்டும் எச்சும் இடுவது வழக்கம். அங்கே கீழே கோடிட்ட 'எல்'. மேலும் கீழும் உள்ள குறிகளைத் தேடும்போது விட்டுவிடலாம். பெரும்பாலான பட்டியல்கள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை.

இந்த முறையில் 'கொங்கு', 'காங்கேயம்', 'உழவு' ஆகியவற்றை எழுதிப் பார்த்து மறுபடியும் தேடுங்கள். மொழித் தெரிவில் தமிழைக் குறிப்பிட மறக்காதீர்கள்; தமிழுக்கான குறியீடு டி, ஏ, எம். பொருத்தமான ஒரு நூல் கிடைத்ததும் அதன் பதிவை முழுமையாகத் திறந்து, நூலகர்கள் இட்ட பொருள் தலைப்பு எது என்று பாருங்கள். அந்தத் தலைப்பைச் சொடுக்கினால், தலைப்பில் எந்தச் சொல் இருந்தாலும் அதே பொருளில் உள்ள மற்ற நூல்கள் ஒன்றாக வந்து நிற்கும். நல்ல ஒரு நூல் இன்னும் பல நூல்களுக்கு வாசலாகும் வழி இது. என் மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் காட்டுவேன்.

தாராபுரம்வாசி

பொறுமையாக எழுதும் பெரியவர் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். தமிழ் நூலைத் தேடும் தமிழ் மாணவி, தன் ஊரின் பெயரை ரோமன் எழுத்தில், அதுவும் அயல்நாட்டார் வகுத்த ஒரு முறையில் எழுதிப் பழக வேண்டும் என்பது நியாயமாகப் படவில்லை. பதிவுகளைத் தமிழ் எழுத்தில் மாற்ற வேண்டியது நூலகங்களின் கடமை. மாணவர்களை வளைத்துப் பழக்கினால் அந்தக் கடமை என்றைக்கும் நிறைவேறாது. மேலும், இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் தமிழிலேயே கேட்டால் நூல் பட்டியல் வந்துவிடுகிறது. இவ்வளவு சுற்று எதற்கு?

ஏட்டகம்

தம்பி, உங்கள் முதற் கருத்தோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். நூலகப் பதிவு வடிவத்தில் மூல எழுத்தைச் சேர்த்து எழுதுவதற்கென்றே 880 என்ற எண்ணுள்ள புலம் இருக்கிறது. வசதி இருக்கிறது, நிரப்பும் ஆள்தான் வேண்டும். தமிழ்நாட்டு நூலகங்கள் தம் பதிவுகளைத் தமிழ் எழுத்திலேயே செய்ய வேண்டும் என்று பணிக்காலம் முழுவதும் வாதிட்டவன் நான். ஆனால் அந்த மாணவியின் ஆய்வேடு இந்த ஆண்டே முடிய வேண்டும். பதிவுகள் மாறும் வரை நூல்கள் அவருக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்று என்னால் சொல்ல இயலாது. அரை மணி நேரத்தில் கற்கக்கூடிய எழுத்துக்கூட்டல் அது. கற்றுக்கொண்டால் ஒரு பெருந்தொகுப்பு திறக்கிறது.

உங்கள் இரண்டாவது கருத்தை நான் ஏற்கவில்லை. உரையாடும் செயலிகள் இல்லாத நூலுக்குத் தலைப்பும், இருக்கும் ஆசிரியரின் பெயரும், நம்பத்தக்க ஓர் ஆண்டும் சேர்த்துக் கொடுத்துவிடுகின்றன. கொங்கு நாட்டு வரலாறு போன்ற, இணையத்தில் எழுத்து குறைவாக உள்ள பொருள்களில் இது மிகுதியாக நேர்கிறது. அவை தரும் ஒவ்வொரு தலைப்பையும் ஏதேனும் ஒரு நூலகப் பட்டியலில் சரிபார்க்காமல் ஆய்வேட்டில் சேர்க்கக் கூடாது. சரிபார்க்க வேண்டுமானால் பட்டியலில் தேடத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பொருளுக்குரிய மாற்றுப் பெயர்களையும் அறிவியல் பெயர்களையும் திரட்டித் தரும்படி கேட்பதற்கு அவற்றைப் பயன்படுத்தலாம். அதிலும் சரிபார்ப்பு வேண்டும்.

பின்னலூர் கணினி (திருப்பூர்)

தமிழ் எழுத்தில் தேடுவதைப் பற்றி மேலே போதிய அளவு பேசப்படவில்லை. தமிழில் ஒரு சொல் வேற்றுமை ஏற்கும்போது அதன் முடிவு மாறுகிறது: காடு, காட்டில், காட்டு, வரலாறு, வரலாற்று, வரலாற்றில். முழுச் சொல்லை மட்டும் தேடும் தளங்களில் 'கொறங்காடு' என்று இட்டால் 'கொறங்காட்டில்' என்று எழுதிய பக்கம் வராது. சொல்லின் கடைசியில் உடுக்குறி (*) இட அனுமதிக்கும் தளங்களில், மாறாத பகுதியை மட்டும் எழுதி உடுக்குறி இடுங்கள். யூனிகோடில் உகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், 'கொறங்காட' என்று டகர உயிர்மெய்யோடு நிறுத்தி உடுக்குறி இட்டால் காடு, காட்டு, காடுகள் மூன்றும் அகப்படும். 'வரலாற' என்பதற்கும் அப்படியே. படிக்க அரைகுறையாகத் தோன்றும். கணினிக்கு அது சரியான முன்னொட்டு.

சேர்த்தும் பிரித்தும் எழுதும் வழக்கத்தை அடுத்ததாகக் கவனிக்க வேண்டும். கொங்குநாடு, கொங்கு நாடு, கொங்குநாட்டு, கொங்கு மண்டலம், கொங்குமண்டலம்: ஒவ்வொன்றையும் இட்டுப் பார்க்க வேண்டும். கார்மேகக் கவிஞரின் சதகத்தைத் தேடுபவர் 'கொங்குமண்டல சதகம்' என்றும், சந்தி சேர்த்துக் 'கொங்குமண்டலச் சதகம்' என்றும் தேட வேண்டியிருக்கும்.

ஸ்கேன் செய்த நூல்களுக்குள் தேடும்போது ஓசிஆர் எனப்படும் எழுத்துணர்தலில், அதாவது படத்தில் உள்ள எழுத்தைக் கணினி படித்தெடுப்பதில், நேரும் பிழைகளை எதிர்பாருங்கள். துணைக்காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் ஒன்றிற்கு மற்றொன்று பதிவாகிவிடும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் றா, னா, லை, னை போன்றவற்றின் பழைய வடிவங்கள் இருப்பதால் பிழை இன்னும் கூடும். ஆர்க்கைவில் முன்பு ஏற்றப்பட்ட தமிழ் நூல்கள் பலவற்றில், இந்த மொழிக்கு எழுத்துணர்தல் இயலாது என்ற குறிப்பே இருந்தது. அவற்றில் உட்பக்கத் தேடல் வேலை செய்யாது. டெசராக்ட் என்ற எழுத்துணர் மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு தமிழுக்கும் ஓரளவு வழி பிறந்தது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பிடிஎஃப் கோப்புகளும் உண்டு. திரையில் தெளிவான தமிழாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற குறிகளாக வரும். அத்தகைய கோப்பில் தேடல் தோற்றால் சொல் இல்லை என்று முடிவு செய்யாமல், கண்ணால் புரட்டித்தான் படிக்க வேண்டும்.

இந்திய மின்னூலகத் திட்டத்தில் முன்பு ஸ்கேன் செய்யப்பட்டு இப்போது ஆர்க்கைவில் உள்ள தமிழ் நூல்களின் தலைப்புகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில், எந்த ஒழுங்கும் இல்லாத கூட்டலில் இருக்கும். நூலகர் ஐயா கூறிய முறை அங்கே உதவாது. ஆசிரியர் பெயரின் ஒரு பகுதியையோ, தலைப்பில் குழப்பம் குறைந்த ஒரே சொல்லையோ இட்டு, மொழித் தெரிவால் வடிகட்டுங்கள். மொழியும் சில பதிவுகளில் 'தமிழ்' என்ற முழு ஆங்கிலப் பெயராகவும், சிலவற்றில் மூன்றெழுத்துக் குறியீடாகவும் இருக்கிறது. இரண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மதுரைத் திட்டம் இதற்கு மாறானது. 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்த யூனிகோடு உரைகள் அவை என்பதால், அங்கே சொல் தேடலை நம்பலாம். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்ற ஊர் எங்கே வருகிறது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். நொய்யல் கரை அகழாய்வைப் பற்றித் தேடுவோர் கொடுமணல் என்றும் கொடுமணம் என்றும் இரண்டு வடிவத்திலும் தேட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஸ்கேன் நூல்களைப் பெருமளவில் கொண்டது. அங்கே தலைப்பும் ஆசிரியரும் வைத்துத் தேடுவதே பயன் தரும்.

மேய்ச்சல்நிலம்

பின்னலூர் அண்ணா, உடுக்குறி வழி நான் பார்த்த ஒரு தளத்தில் நன்றாக வேலை செய்தது, இன்னொன்றில் செய்யவில்லை. தளத்தின் உதவிப் பக்கத்தைப் படித்த பிறகுதான், அங்கே உடுக்குறிக்கு இடமில்லை என்று தெரிந்தது. இனி எந்தத் தளத்திலும் உதவிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவேன்.

இப்போது வேறொரு தடை. நல்ல கட்டுரை என்று தோன்றும் சில, பணம் கட்டினால்தான் திறக்கின்றன. நாடு முழுமைக்கும் ஒரே சந்தா என்று செய்தி படித்தேனே, அது எங்களுக்கு உண்டா?

ஏட்டகம்

நீங்கள் குறிப்பிடும் திட்டம் 2025 ஜனவரி 1 அன்று தொடங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைப் படிக்க வகை செய்கிறது. மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்குமானது. உங்கள் கல்லூரி அரசுக் கல்லூரியானால் நூலகரிடம் கேளுங்கள். சுயநிதிக் கல்லூரியானால் அந்த வழி இப்போதைக்கு இல்லை. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் என்லிஸ்ட் திட்டத்தில் கல்லூரி சேர்ந்திருந்தால், அதன் மின்னூல்களையும் இதழ்களையும் வீட்டிலிருந்தே பயன்படுத்த மாணவர்களுக்கும் பயனர் பெயர் தரலாம். உங்களுக்குக் கொடுத்தது அதுவாகவே இருக்கலாம். உள்ளே நுழைந்ததும் முகப்பில் பெயர் தெரியும்.

எந்த வழியும் இல்லாதபோது, கட்டுரையின் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுக் கூகுள் ஸ்காலரில் தேடி, 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பைச் சொடுக்குங்கள். ஆசிரியர் தம் நிறுவனக் களஞ்சியத்தில் இட்ட படி அங்கே தென்படக்கூடும். அன்பேவால் என்ற உலாவி நீட்சியும் சட்டத்துக்கு உட்பட்ட இலவசப் படி இருந்தால் காட்டும். அதுவும் இல்லையென்றால் கட்டுரை ஆசிரியருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். தம் கட்டுரையைப் படிக்க விரும்பும் மாணவருக்கு அனுப்ப மறுக்கும் ஆய்வாளரை நான் கண்டது அரிது.

ஸ்காலரிலேயே 'இதை மேற்கோள் காட்டியவை' என்ற இணைப்பும் உண்டு. ஒரு பழைய கட்டுரையிலிருந்து அதற்குப் பின் வந்தவற்றை நோக்கி நகர அதுவே வழி. பின்னோக்கி நகரக் கட்டுரையின் துணைநூற்பட்டியல் இருக்கிறது. இவ்விரண்டையும் செய்யாமல் தேடலை முடித்ததாகக் கருத வேண்டாம்.

பழஞ்சுவடி

ஷோத்கங்காவை யாரும் சொல்லவில்லையே. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே சேர்கின்றன. மின்படியை அளிக்க வேண்டும் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் கொண்டுவந்தது. தமிழ்த் தலைப்புகள் அதில் சில இடங்களில் தமிழ் எழுத்திலும் சில இடங்களில் ஆங்கில எழுத்திலும் பதிவாகியிருப்பதால், சொல் தேடலைவிட, பல்கலைக்கழகத்தைத் தேர்ந்து, துறையைத் தேர்ந்து, பட்டியலை வரிசையாகப் படிப்பது மேல். பாரதியார் பல்கலைக்கழகத்தின் வரலாறு, தமிழ், விலங்கியல் துறைகளையும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். ஆய்வேடுகள் இயல் இயலாகத் தனிக் கோப்புகளில் இருக்கும். முதலில் துணைநூற்பட்டியல் கோப்பைத் திறங்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் பல ஆண்டுகள் அலைந்து திரட்டிய பட்டியல் அது. அதில் அச்சில் மட்டும் உள்ள சிறு வெளியீடுகளும் பட்டக்காரர் (கொங்குப் பகுதியின் பழைய தலைவர்கள்) குடும்பங்களைப் பற்றிய மலர்களும் இருக்கலாம். அவற்றை எந்தத் தேடுபெட்டியும் உங்களுக்குக் காட்டாது.

மேய்ச்சல்நிலம்

பாரதியார் பல்கலைக்கழகப் பட்டியலைப் படிக்கத் தொடங்கிவிட்டேன் ஐயா. கடைசியாக ஒன்று கேட்கிறேன். இவ்வளவு இடங்களில் தேடியதையும் கிடைத்ததையும் எப்படிக் குறித்து வைப்பது? ஒரு வாரம் கழித்து அதே கட்டுரையைத் திறக்கப் போனால் இணைப்பு வேலை செய்வதில்லை.

ஏட்டகம்

உலாவியின் முகவரிப் பட்டையில் தெரிவதை நகலெடுக்காதீர்கள். தரவுத்தளங்களில் அது பெரும்பாலும் உங்கள் அப்போதைய நுழைவுக்கு மட்டும் உரிய தற்காலிக முகவரி. பதிவிலேயே நிலையான இணைப்பு என்று தனியாக ஒன்று கொடுத்திருப்பார்கள். கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற நிலையான அடையாள எண் இருக்கும். அதை எழுதிக்கொண்டால் தளம் மாறினாலும் கட்டுரை கிடைக்கும். மின்னூல்களில் சில இயல் இயலாகப் பதிவிறக்க விடும். சில இணையத்தில் படிக்க மட்டும் விடும், அதுவும் ஒரே நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையினர்தான் திறக்கலாம். அத்தகையவற்றைத் திறந்த அன்றே பக்க எண்ணோடு குறிப்பெடுத்துவிடுங்கள்.

ஜோட்டீரோ என்ற இலவச மென்பொருள் நூல் விவரங்களைத் தானாகவே சேமிக்கும். தமிழ்ப் பதிவுகளில் அது எடுத்துக்கொண்ட ஆசிரியர் பெயரையும் தலைப்பையும் ஒருமுறை கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். நம் பெயர்களில் தலைப்பெழுத்தைக் குடும்பப் பெயராக அது எடுத்துக்கொள்வதுண்டு. அதோடு ஒரு நோட்டில் நான்கு பத்திகள் கோடிட்டு, எந்தத் தளம், எந்தச் சொற்கள், எந்த நாள், என்ன கிடைத்தது என்று எழுதி வாருங்கள். எதுவும் கிடைக்காத தேடலையும் கட்டாயம் எழுதுங்கள். இடையின ரகரத்தில் தேடினோமா, வல்லின றகரத்தில் தேடினோமா, பெரியார் மாவட்டம் என்று இட்டோமா என்பது அடுத்த மாதம் நினைவில் இருக்காது. அந்த நோட்டு இருந்தால், இன்னும் இடாத சொல் எது என்பது பார்த்ததும் தெரியும்.